மலைக்கு வாங்கிப் போன சாமான்

பம்பாய் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, நெத்திலிக் கருவாட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அடியில், பூப்போட்ட பாத்திக் கைலிக்குள் நான் சுற்றி வைத்திருந்ததைத் தொட்டதும் முகம் தானாகத் திரும்பி வந்தது. அவிழ்த்து எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு. ஒரு பட்டை, இரண்டு வளைந்த தகடு, நடுவே ஒரு ஸ்பிரிங். தகட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விட்ட வேகத்தில் அது அவர் விரலைக் கவ்வியது.

"என்ன இது?" என்று இந்தியில் கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு நர்ஸ் பெண் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"சைக்கிளில் மிதிக்கிற இடத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று இருக்கும். செயினை அதிலிருந்து இதற்குத் தள்ளிவிடுகிற சாமான். முன் டெரெய்லர் என்று பேர்" என்றேன்.

"இந்த வயதில் சைக்கிள் ஓட்டுகிறீர்களாமா என்று கேட்கிறார், பாட்டி."

"ஓட்டினால் பிடித்து வைப்பாராமா என்று கேள்."

அவள் அதையும் இந்தியில் சொல்லிவிட்டாள். அதிகாரி விரலை உதறிக்கொண்டே சிரித்தார். சாமானைக் கைலிக்குள் வைத்து, நான் சுற்றியிருந்ததைவிட நன்றாகவே சுற்றிக் கொடுத்தார். பம்பாய் எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

வெளியே என் தம்பி மகன் செல்வின் நின்றான். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். குர்லாவில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை. வேலை அது, உயிர் சைக்கிள் ரேசில். அவனுடைய சைக்கிளில் இந்த டெரெய்லர்தான் உடைந்துபோயிற்று. பம்பாயில் வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காதாம். நான் பிரயாணத்துக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது ஈப்போவுக்கு டிரங்கால் போட்டு, "அத்தே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், இது ஒண்ணு மட்டும்" என்று கெஞ்சினான். நான் கோலாலம்பூர் தாண்டி எங்கேயும் போகாதவள். கையில் ஒரு காரியத்தோடு போகிறவளுக்கு வழிப்பயம் வராது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

தாராவியில் அவன் வீடு ஒரே அறை. முன்பு தோல் அடுக்கி வைத்த குடோனாம். அதனால் தகரக் கூரை மட்டும் நல்ல உயரத்தில் இருந்தது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சுவருக்குச் சுவர் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தில் ஒரே ஒரு கொக்கி. கொக்கியில் சைக்கிள். அதற்குக் கீழே கட்டில். படுத்தால் முன்சக்கரம் நெற்றிக்கு நேரே நிற்கும். வெளியே விட்டால் காலையில் இருக்காது. உள்ளே நிறுத்தினால் மனிதர் இருக்க முடியாது.

செல்வினின் பெண்டாட்டி ரூபிக்கு அடுத்த மாதம் பிள்ளை. வயிற்றைச் சாய்த்துக்கொண்டு எனக்கு மீன் குழம்பும் பாவும் வைத்தாள். ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்பது எங்கள் ஈப்போவிலும் உண்டுதான், ஆனால் இந்தப் பாவு குழம்பை உறிஞ்சுகிற உறிஞ்சல் வேறு. மூன்றாவதை நானே எடுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போதே ரூபி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஞாயித்துக்கெழம புனே வரைக்கும் ரேஸ் அத்தே. நடுவுல கண்டாலா மலை. போன வருசமும் அதுல எறங்கித் தள்ளினாரு, அதுக்கு முந்தின வருசமும் தள்ளினாரு. இந்தத் தடவையும் கால் தரையில பட்டுச்சுன்னா சைக்கிள வித்துரணும். கொக்கி பிள்ளைத் தொட்டிலுக்கு."

"படலன்னா?" என்றான் செல்வின்.

"படலன்னா அப்பப் பாப்போம்."

"சட்டத்துல இன்னொரு கொக்கி போட்டா என்னளா?" என்று கேட்டேன்.

"ஓட்டை போட்டா வீட்டுக்காரன் சாமானத் தூக்கி ரோட்டுல வச்சிருவான் அத்தே."

சரி என்று பெட்டியைத் திறந்து, கைலியை அவிழ்த்து, சாமானைச் செல்வின் கையில் வைத்தேன். ஒரு தங்கச் சங்கிலியைக் கொடுக்கிற தோரணையில்தான் கொடுத்தேன். அவன் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். கட்டிலில் ஏறி நின்று சைக்கிளில் வைத்துப் பார்த்தான். அவன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தே, இது மலை சைக்கிளுக்குள்ளது. நம்மது ரோடு சைக்கிள்லா."

நான் தெரியாமல் வாங்கவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் கடையில் ஏமாறுகிறவள் இல்லை. ஈப்போவில் சைக்கிள் கடைச் சீனர் இரண்டை எடுத்து வைத்து, இது ரோட்டுக்கு, இது மலைக்கு என்று தெளிவாகத்தான் சொன்னார். செல்வின் மலை ஏறத்தானே கேட்டான்? மலைக்குள்ளதைக் கேட்டு வாங்கினேன்.

"நீ எங்க ஏறப் போற? மலையிலதான?" என்றேன்.

"ஆமா அத்தே."

"அப்ப என்ன?"

அவன் கட்டிலை விட்டு இறங்கினான். ரூபி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

மறுநாள் மாட்டுங்காவில் சைக்கிள் சாமான் விற்கிற ஒருவரிடம் கேட்டு வரலாம் என்று கிளம்பினோம். சயான் ஸ்டேஷனில் என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, "அடுத்த ஸ்டேஷன்தான் அத்தே, எறங்கிருங்க" என்று சொல்லிச் செல்வின் வேறு பெட்டிக்கு ஓடினான். அடுத்த ஸ்டேஷன் வந்தது. நான் எழுந்தேன். எனக்கும் வாசலுக்கும் நடுவில் பம்பாயில் உள்ள பெண்கள் எல்லாரும் நின்றார்கள். வண்டி புறப்பட்டுவிட்டது.

எங்கள் ஊர் ரயிலில் மனிதர் தூங்குவார்கள். இங்கே மடியில் பையை வைத்து ஒருத்தி பட்டாணி உரிக்கிறாள், ஒருத்தி கீரை ஆய்கிறாள், இரண்டு பேர் மாமியாரைப் பற்றிப் பேசுகிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் மாமியார் என்பது முகத்தில் தெரிகிறது. பட்டாணிக்காரி என் நிலைமையைப் புரிந்துகொண்டு மராட்டியில் ஏதோ அதட்டினாள். இறங்க வேண்டும் என்றால் ஏறினவுடனேயே வாசலுக்கு வந்து நிற்க வேண்டும் என்கிறாள் என்று பக்கத்தில் ஒருத்தி தமிழில் சொன்னாள். "ஏறினவுடனே இறங்குவதற்கு எதற்கு ஏறுவது?" என்று கேட்டேன். அதையும் அவள் எடுத்துச் சொல்ல, பெட்டியே சிரித்தது. தாதரில் நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்காத குறையாக இறக்கி, எதிர்ப்பக்க வண்டியில் ஏற்றி, வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். கையில் ஒரு பிடி பட்டாணியும் கொடுத்தனுப்பினாள் அந்தப் புண்ணியவதி.

மாட்டுங்கா ஸ்டேஷனில் செல்வின் பேயறைந்தவன்போல் நின்றான். அவனுக்குப் பட்டாணி கொடுத்தேன்.

கடைக்காரர் பெரியவர். மாட்டுங்காவிலேயே பிறந்தவராம். எங்களை உட்காரவைத்து முதலில் காப்பி வரவழைத்தார். ஈப்போ கோப்பி கறுப்பும் கெட்டியுமாக இருக்கும். இது நுரையும் வாசனையுமாக மூக்கு வழியே இறங்குகிறது. எது உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு ஊரிலும் எனக்கு மனிதர் வேண்டும்.

"ரோடுக்குள்ளது எங்கிட்ட இல்லம்மா. ஆனா இதையே மாட்டிப் பார்க்கலாமான்னு கேட்டா, கொஞ்சம் யோசிக்கணும்" என்று அவர் சாமானைச் சைக்கிளோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். செல்வின் சைக்கிளை அங்கே எப்படிக் கொண்டுவந்தான் என்கிறீர்களா? சாமான் பெட்டியில் ஏற்றி, அதோடு தானும் தொங்கிக்கொண்டு வந்தான்.

"மூணு கஷ்டம் இருக்கு. இதோட பட்டை தடிமனான குழாய்க்குச் செஞ்சது, உங்களுது மெலிசு. லொடலொடங்கும். ரெண்டாவது, மலை சைக்கிள்ல பெரிய பல்சக்கரமே சின்னதா இருக்கும். அந்த வளைவுக்குத் தகடு வளைச்சிருக்கான்." டவராவின் மேல் தம்ளரின் விளிம்பை வைத்துக் காட்டினார். "சின்னப் பாத்திரத்து மூடியப் பெரிய பாத்திரத்துல வச்ச மாதிரி. கொஞ்சம் தூக்கி மாட்டினா வேலை செய்யும், ஆனா உரசும், சத்தம் போடும்."

"லீவர், சார்?" என்றான் செல்வின்.

"அது பிரச்னை இல்லப்பா. உன் லீவர்ல படி கிடையாது, வேணுங்கற அளவு இழுத்துக்கலாம். எவ்வளவுன்னு உன் கை சொல்லும். மூணாவதுதான் பெரிசு. உன் சைக்கிள்ல கம்பி அடியிலேர்ந்து வந்து கீழ்நோக்கி இழுக்கறது. இது மேல்நோக்கி இழுத்தாத்தான் நகரும்."

"அப்ப முடியாதா?"

"நான் முடியாதுன்னு சொல்லலயே. எனக்குத் தெரியலன்னு சொல்றேன்."

இப்படிச் சொல்கிற கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. ஸ்டேஷனுக்கு நடக்கையில் செல்வின் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்தங்கி வந்தான். எனக்கோ உள்ளே கிளுகிளுவென்று இருந்தது. மூன்று கஷ்டத்தில் ஒன்றும் பொருந்தவே பொருந்தாது என்கிற கஷ்டம் இல்லையே.

"டெரெய்லரே இல்லாம சின்னச் சக்கரத்துல போட்டு ஓட்டினா என்னலே?" என்று கேட்டேன்.

"சமநெலத்துல பிந்திருவேன் அத்தே. பின்னால லாரி வரும், பிந்தினவன அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிரும். பெருசுல ஓட்டினா மலையடியில எறங்கிக் கையால மாத்தணும். எறங்கினா கால் பட்டாச்சு."

வெள்ளிக்கிழமை செம்பூருக்குப் போனோம். மாடி பஸ்ஸில் மேல்தட்டில் முன் சீட்டு கிடைத்தது. மரக்கிளை எல்லாம் கண்ணாடியில் அடித்துப்போக, ஒவ்வொரு அடிக்கும் நான் குனிந்தேன். பக்கத்தில் இருந்தவரும் எனக்காகக் குனிந்தார்.

செம்பூரில் செல்வினின் ரேஸ் கூட்டாளி ராகவன் இருக்கிறான். அணுசக்தி நகருக்குத் தினம் ஆபீஸ் பஸ்ஸில் போய்வருகிற இன்ஜினியர். அவனும் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறான். தன் சைக்கிளில் இருப்பதைக் கழற்றிக் கொடுக்கவா என்று செல்வினைக் கேட்டான். கேட்கும்போதே கை சைக்கிளை இறுக்கிப் பிடித்தது. செல்வின் வேண்டாம் என்றதும் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கம்பியை எப்படித் திருப்புவது என்று படம் போட்டார்கள், அழித்தார்கள். நான் ராகவனின் அம்மாவோடு பால்கனியில் நின்றேன். அவர்கள் வீட்டில் துணி காயப்போடுவதைப் பார்க்க வேண்டும். உத்தரத்தில் இரண்டு சின்னச் சக்கரம், அவற்றின் வழியே கயிறு, கயிற்றில் மூங்கில் கழி. அந்த அம்மாள் ஈரப் புடவையைக் கழியில் விரித்துவிட்டு, நின்ற இடத்தில் நின்றபடியே கயிற்றைக் கீழே இழுத்தார். புடவை மேலே போயிற்று. பம்பாயில் எல்லா வீட்டிலும் இப்படித்தானாம். எனக்கு ஒரு தரம் இழுத்துப் பார்க்க ஆசை. இழுத்தேன். இறக்கினேன். மறுபடி இழுத்தேன்.

"ஏலே, ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார்கள்.

"நான் எந்தப் பக்கம் இழுக்கேன்?"

"கீழ."

"புடவை எங்க போகுது?"

ராகவன் கயிற்றைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், கையிலிருந்த படத்தைப் பார்த்தான். பிறகு உத்தரத்துச் சக்கரத்தை டெரெய்லருக்கு மேலே, சீட்டைத் தாங்குகிற குழாயில் வரைந்தான். கீழிருந்து வருகிற கம்பி நேரே மேலே போய், சக்கரத்தைச் சுற்றித் திரும்பி இறங்கி டெரெய்லரைப் பிடிக்க வேண்டும். கீழே இழுத்தால் டெரெய்லர் மேல்நோக்கி இழுபடும்.

"கரெக்ட் அத்தை" என்றான். "ஆனா கம்பி இந்த அளவுக்கு வளையணும்னா சக்கரம் ரொம்பச் சின்னதா இருக்கக் கூடாது. அளவு நான் போட்டுத் தரேன்."

அந்த அம்மாள் எங்களுக்கு அடை வார்த்துப் போட்டார். மூன்று பேரும் வாயில் அடையோடு பேசினோம். யார் பேசியதும் யாருக்கும் புரியவில்லை.

சனிக்கிழமை தாராவியிலேயே காதர் பாய் பட்டறை. காயல்பட்டினத்துக்காரர். தோல் பைக்குப் பூட்டும் வளையமும் செய்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எதுக்கும்மா இவ்வளவு லப்டா, தொல்லை? கயித்தக் கட்டி இழுத்து வையும், மலை வந்ததும் பிளேடால அறுத்துரும். முடிஞ்சு போச்சு" என்றார்.

"மலை முடிஞ்சப்புறம் புனே வரைக்கும் ரோடு இருக்கே பாய்" என்றான் செல்வின்.

"அதுவும் சரிதான்."

பித்தளையில் சக்கரம் கடைந்தார். அதைக் குழாயில் பிடிக்க ஒரு பட்டை அடித்தார். டெரெய்லர் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளிக்கு அலுமினியத் தகட்டை வெட்டிச் சுற்றிச் செருகினார். தகடு ஒருமுறை தடிமன் கூடிற்று, ஒருமுறை குறைந்தது. மூன்றாவது தடவை பட்டை கடித்துக்கொண்டு நின்றது.

சைக்கிளை வீட்டுக் கொக்கியில் மாட்டி, செல்வின் கையால் மிதியைச் சுற்றினான். லீவரை இழுத்தான். செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறாமல் தாண்டி வெளியே விழுந்தது. திருகைத் திருப்பி மறுபடி சுற்றினான். உள்ளே விழுந்தது. கட்டிலெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"பெட்ஷீட்ட யாரு தொவைக்கிறது?" என்று ரூபி கேட்டாள்.

"உரசாம ஏறமாட்டேங்கு" என்றான் அவன்.

"உரசிக்கிட்டு ஏறுதா?" என்று கேட்டேன்.

லீவரை இழுத்தான். கர்ர்ர் என்று ஒரு சத்தம், செயின் ஏறிற்று. தளர்த்தினான். ஸ்பிரிங் தள்ளியது, சின்னதுக்கு இறங்கிற்று. மறுபடி ஏறிற்று. இறங்கிற்று. காதர் பாய் வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். பெரிய சக்கரத்தில் இருக்கிறவரைக்கும் அந்தக் கர்ர்ர் ஓயவில்லை, அம்மி அரைக்கிற மாதிரி. அதைவிட நல்ல சத்தம் அந்த வாரத்தில் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் டெம்போவில் ரூபி முன்னால், நான் அவள் பக்கத்தில். எட்டு மாதம் முடிந்தவளை இந்தக் குலுக்கலில் கூட்டிப்போவதா என்று கேட்டேன். "நான் பாக்காம அவரு வந்து சொல்றத நம்பணுமா அத்தே?" என்றாள். அதற்கு மேல் என்ன பேச?

மலையுச்சிக்குப் போய் நிற்பதாகத்தான் திட்டம். பாதி மலையில் டெம்போவின் முன்பக்கம் புகையத் தொடங்கிற்று. காதர் பாய் ஒரு வளைவில் ஓரங்கட்டி, எங்கள் குடிதண்ணீரை எல்லாம் வண்டிக்கு ஊற்றினார். வண்டி குடித்துவிட்டு அப்படியே நின்றது. போகட்டும், வளைவு நல்ல வளைவு. கீழே கொஞ்ச தூரம் பாதை சாய்வு குறைந்து வந்து, எங்கள் முன்னால் சுவர்போல் எழும்பித் திரும்புகிறது. ஈப்போவைச் சுற்றிலும் மலைதான், ஆனால் அவை தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிற மலைகள். இது காலடியிலேயே ஏறுகிறது. வழியில் வாங்கின வடாபாவைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். மிளகாய் தலைக்கு ஏறிற்று, தண்ணீரோ வண்டிக்குள்.

சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. ராகவன் முன்கூட்டத்திலேயே போய்விட்டான். எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினான், பேச மூச்சில்லை. பலர் எங்கள் வளைவில் இறங்கித் தள்ளினார்கள். ரூபி யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லார் காலையும் பார்த்தாள்.

முதலில் வந்தது சத்தம். கர்ர்ர், கர்ர்ர் என்று, கீழ்த் திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து.

"வாராரு" என்றாள் ரூபி.

சாய்வு குறைந்த இடத்தில் பெரிய சக்கரத்தில் போட்டு வேகம் பிடித்து வந்தான். சுவர்போல் எழும்புகிற இடம் வந்தது. வேகம் அறுந்தது. கை கீழே லீவருக்குப் போயிற்று. கர்ர்ர் நின்றுபோயிற்று. மிதி ஒரு சுற்று காற்றில் சுற்றியது. விழுந்துவிட்டது, செயின் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. சின்னப் பல்லில் போய் உட்கார்ந்தது. கால் இறுகிற்று. ஏறினான்.

எங்களுக்கு நேர் எதிரே அவனுக்கு முன்னால் போனவன் சட்டென்று நின்று சாய்ந்தான். செல்வின் ஒதுங்கினான். ஓரத்துக் கட்டைச் சுவர் வரைக்கும் போய்விட்டான். சைக்கிள் நின்றேவிட்டது. ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது. இரண்டு காலும் மிதியில். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். செல்வின் கையால் சுவரை ஓர் உந்து உந்தினான். சக்கரம் உருண்டது. மிதித்தான். மிதித்தான். வளைவு திரும்பி மறைந்தான். எங்களைப் பார்க்கவே இல்லை.

கையைப் பார்த்தேன். வடாபாவின் மீதியைக் கசக்கியிருந்தேன்.

வண்டி ஆறிக் கிளம்பி நாங்கள் வீடு திரும்பினோம். சாயங்காலம் செல்வின் புனேயிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தான். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பெண்டாட்டியிடம் சொன்னான். அந்த வளைவில் அவள் நின்று பார்த்தது அவனுக்குத் தெரியாது.

"ரூபி, மலை முழுக்க எறங்கல. ஆனா ஒரு எடத்துல வண்டி நின்னுபோச்சு. சுவத்துல ஊனித்தான் கெளம்பினேன். நின்னது நின்னதுதான்."

"எத ஊனினீரு?"

"கை."

"நாம பேசினது காலப் பத்தி" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். சைக்கிள் இருக்கப்போகிறது. கொக்கியோ பிள்ளைக்கு. சட்டத்துக்கு மேலே கூரை வரைக்கும் வெறும் உயரம் சும்மா கிடந்தது.

திங்கட்கிழமை காதர் பாயைக் கூப்பிட்டோம். ஓட்டை போடக் கூடாது, அவ்வளவுதானே? டெரெய்லரைக் குழாயில் பிடித்த அதே மாதிரி, கூரையடி விட்டத்தைச் சுற்றிப் பட்டை பிடித்து, இடைவெளிக்குத் தகடு செருகினார். பட்டையில் செம்பூர் வீட்டுச் சக்கரங்கள்போல் இரண்டு. கயிறு போட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த ரூபி ஒற்றைக் கையால் இழுத்தாள். சைக்கிள் ஆடிக்கொண்டே தகரத்துக்கு அடியில் போய் நின்றது.

காலியான கொக்கியில் என் பாத்திக் கைலியைத் தொட்டிலாகக் கட்டினேன். டெரெய்லரைச் சுற்றி வந்த அதே கைலி. பலம் பார்க்க ரூபி அதில் ஓர் அரிசிப் பையை வைத்து ஆட்டினாள். எங்கள் ஊரில் தொட்டிலுக்கு மேலே ஸ்பிரிங் மாட்டுவோம், தொட்டால் போதும், அதுவே ஆடும் என்று சொன்னேன்.

செல்வின் அண்ணாந்து சைக்கிளைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவ வாறப்ப ரோட்டுக்குள்ள டெரெய்லர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க அத்தே" என்றான்.

"தொட்டில் ஸ்பிரிங்தான் வாங்கிட்டு வருவேன்" என்றேன். "டெரெய்லர்தான் ஏற்கெனவே ஒண்ணு கொடுத்தாச்சே, மலைக்குன்னு கேட்டு வாங்கினது."